பிள்ளைகளோடு உட்கார்ந்து பூத்தையல் போடுவது எப்படி

பிள்ளைக்குப் பூத்தையல் கற்றுத்தர நினைக்கும் தாயோ தந்தையோ பாட்டியோ, பிள்ளைக்கு ஊசி வாங்குவதற்கு முன்னால் தமக்கென ஒரு துணியையும், அதை இறுக்கிப் பிடிக்கும் ஒரு தையல் வளையத்தையும் வாங்கிவிட வேண்டும். இதை நான் தட்டுத்தடுமாறித்தான் தெரிந்துகொண்டேன். என் மகள் எட்டு வயதில் முதன்முதலாகப் பின்தையல் போட்ட அன்று, அவள் தூங்கிய பிறகு, கோணலாக இருந்த ஏழெட்டுத் தையல்களைப் பிரித்து நேராகப் போட்டு வைத்தேன். காலையில் துணியைக் கையில் எடுத்தவள், "இது நான் தைச்சது இல்லம்மா, நீங்க தைச்சது" என்று சொல்லி வளையத்தை அலமாரியில் வைத்தாள். அதன் பிறகு நான்கு மாதங்கள் அதைத் தொடவே இல்லை. அவளை மறுபடி மேசைக்குக் கொண்டுவந்தது என் அறிவுரை அல்ல. நானே ஒரு துணியை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தைக்கத் தொடங்கியதும், இரண்டு நாள் வேடிக்கை பார்த்துவிட்டு மூன்றாம் நாள் அவளாகவே வந்து பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

அன்று முதல் எங்கள் வீட்டில் ஒரே ஒரு விதி உண்டு: கேட்காமல் ஒருவர் துணியில் மற்றவர் ஊசி படக்கூடாது. பெரியவர் கையில் சொந்த வேலை இருந்தால் பிள்ளையின் துணிமேல் கண் போகாது, கையும் போகாது. காட்டித்தர வேண்டிய தையலையும் தம் துணியிலேயே போட்டுக் காட்டிவிடலாம். கீழே சொல்பவை அனைத்தும் இந்த ஏற்பாட்டை வைத்துத்தான் சொல்லப்படுகின்றன.

எந்த வயதில் எந்தத் துணி

நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைக்குத் துணியே வேண்டாம். தானியப் பெட்டியின் அட்டையில் ஒரு சென்டிமீட்டருக்கு ஒன்றாகத் துளையிட்டு, முனை கெட்டியான காலணிக் கயிற்றைக் கொடுத்தால், மேலே வருவது, கீழே போவது என்ற இரண்டு அசைவுகளையும் அது விளையாட்டாகவே கற்றுக்கொள்ளும். ஆறு, ஏழு வயதில் சணல் துணியையோ, குறுக்குத் தையலுக்கென்று கட்டம் கட்டமாக நெய்யப்பட்ட ஐடா துணியையோ தரலாம். ஐடாவில் 11 என்று எண் போட்டிருந்தால் ஓர் அங்குலத்தில் பதினொரு கட்டங்கள் இருக்கும் என்று பொருள்; 14 என்றால் கட்டம் இன்னும் சிறியது, ஆகவே சிறு பிள்ளைக்கு 11 போதும். இவற்றுக்கு முனை மழுங்கிய, காது அகன்ற ஊசியே பொருத்தம்; குத்திக்கொள்ளும் பயமில்லை.

எட்டு வயதுக்கு மேல் கூர் ஊசியும் பருத்தித் துணியும் தரலாம். பினாங்கின் ஜார்ஜ் டவுனில் லெபோ பாசார் கடைத்தெருப் பக்கம் போனால் ரவிக்கைத் துணிகள் கண்ணைப் பறிக்கும், ஆனால் டூ-பை-டூ போன்ற மெல்லிய துணி பிள்ளையின் கையில் நழுவும், இழுத்தால் சுருங்கும். கொஞ்சம் கனமான, வெளுக்காத காடாத் துணிதான் நல்லது. மலாய்க்காரர் கடைகளில் காயின் பெலாச்சு என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். வாங்கியதும் ஒருமுறை துவைத்துத் தேய்த்துவிட வேண்டும். கஞ்சியும் போகும், சுருங்க வேண்டியது முதலிலேயே சுருங்கியும் விடும். காசு செலவழிக்க மனமில்லாதவர்கள் தாத்தாவின் பழைய வேட்டியை இரண்டாக மடித்துப் பயன்படுத்தலாம். வங்காளத்துப் பெண்கள் பழைய சேலைகளை அடுக்கி, நேர்த்தையல் ஒன்றாலேயே காந்தா விரிப்புகளைத் தைத்தார்கள். பல முறை துவைத்த துணியில் ஊசி இறங்கும் சுகமே தனி.

பூத்தையல் நூல் ஆறு இழைகள் சேர்ந்தது. டிஎம்சி, ஆங்கர் போன்ற நிறுவனங்களின் ஒரு கண்டில் எட்டு மீட்டர் நூல் இருக்கும். பெரியவர்கள் இரண்டு இழையில் தைப்பார்கள். பிள்ளைகளுக்கு மூன்று இழை வைத்தால் தையல் எடுப்பாகத் தெரியும், உற்சாகமும் குறையாது. இழைகளைப் பிரிக்கும்போது மூன்றையும் சேர்த்து இழுத்தால் சிக்கும். ஒவ்வொன்றாக மேல்நோக்கி உருவி எடுத்து, பிறகு மூன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வளையம் ஐந்து அங்குலத்தில் ஒன்று போதும். மலிவு விலைக் கடைகளில் கிடைக்கும் வளையங்களில் சிலவற்றில் உள்வளையமும் வெளிவளையமும் சரியாகப் பொருந்துவதில்லை. உள்வளையத்தைச் சுற்றிப் பழைய துணிநாடாவை இறுக்கமாகச் சுற்றித் தைத்துவிட்டால் அந்தக் குறை தீரும், துணியும் வழுக்காது. துணியைப் பூட்டிய பிறகு விரலால் தட்டினால் சின்ன மேளம்போல ஒலிக்க வேண்டும். அந்தச் சத்தத்தைக் கேட்கும் வேலையைப் பிள்ளையிடம் விடுங்கள்.

ஊசியும் நம் ஊர்க் காற்றும்

பினாங்கில் காற்றில் ஈரம் அதிகம். ஊசியைத் துணியிலேயே குத்தி வைத்துவிட்டுப் போனால், சில நாட்களில் துருப்பிடித்து, அந்த இடத்தில் பழுப்புப் புள்ளி விழுந்துவிடும். அந்தக் கறை எளிதில் போகாது. மாத்திரைப் புட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் ஒன்றை ஒரு தகரடப்பாவில் போட்டு, ஊசிகளை அதில் வைத்து மூடுவது என் வழக்கம். துணியையும் தைத்து முடித்தவுடன் வளையத்திலிருந்து கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் வளையத்தின் வட்டத் தடம் துணியில் தங்கிவிடும். பிள்ளையின் உள்ளங்கை வியர்த்தால் ஊசி பிசுபிசுத்து நகராது; கை கழுவித் துடைத்துவிட்டு, கொஞ்சம் முகப்பவுடரை விரல் நுனியில் தடவிக்கொண்டால் சரியாகிவிடும். மின்விசிறியைக் குறைவான வேகத்தில் வைக்காவிட்டால், பிரித்து வைத்த இழைகள் அடுக்களை வரை பறக்கும்.

நாம் வீட்டுக்குள் வெறுங்காலோடு நடப்பவர்கள். ஆகவே ஊசிக் கணக்கு மிக முக்கியம். உட்காரும்போது எத்தனை ஊசி எடுத்தோம், எழும்போது எத்தனை ஊசி டப்பாவுக்குத் திரும்பியது என்பதைப் பிள்ளைகளே சத்தமாக எண்ணட்டும். நூல் கோக்காத ஊசியை மேசைமேல் வைக்கவே கூடாது. நூல் வால்போலத் தொங்கினால்தான் கீழே விழுந்தாலும் தேடிப் பிடிக்க முடியும். அப்படியும் தொலைந்தால் குளிர்பெட்டியில் ஒட்டியிருக்கும் காந்தம் ஒன்றை எடுத்துத் தரையில் மெல்ல நகர்த்திப் பாருங்கள். விரலில் குத்தி ரத்தம் துணியில் பட்டால் உடனே குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டும். வெந்நீர் கறையை நிலைக்கச் செய்துவிடும்.

நூல் கோப்பது, முடிச்சுப் போடுவது

பலரும் அவசரப்படும் இடம் இது. ஊசியை நாமே கோத்துக் கொடுத்துவிட்டால் வேலை வேகமாக நடக்கும், ஆனால் நூல் தீரும் ஒவ்வொரு முறையும் "அம்மா, கோத்துக் கொடுங்க" என்ற குரல் வரும். நம் துணியில் ஒரு தையல்கூட நகராது. முதல் நாளை முழுவதுமாக இதற்கே ஒதுக்குங்கள்.

நூலின் நீளம் பிள்ளையின் சொந்த விரல் நுனியிலிருந்து முழங்கை வரை இருக்கட்டும். நீள நூல் வைத்தால் மறுபடி கோக்க வேண்டாமே என்று எல்லாப் பிள்ளைகளும் ஆசைப்படும்; ஒருமுறை நீளமாகவே விட்டுச் சிக்கவிடுங்கள், பிறகு கேட்காது. நூலின் நுனியைக் கூரிய கத்தரியால் சாய்வாக வெட்டி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே நுனி வெளியே தெரியாத அளவுக்கு அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு நூலை ஊசியிடம் கொண்டுபோகாமல், ஊசிக் காதை விரல் இடுக்குக்குக் கொண்டுவந்து அழுத்தினால், நூல் தானாகக் காதுக்குள் முளைத்துவரும். என் மகன் இதை "ஊசிக்குச் சாப்பாடு ஊட்டுவது" என்பான். முடிச்சுக்கு, நூலின் மறு நுனியை ஆள்காட்டிவிரலில் ஒரு சுற்றுச் சுற்றி, கட்டைவிரலால் உருட்டிக் கீழே தள்ளி, மற்ற கையால் இழுத்தால் போதும். முடிச்சு அசிங்கமாக இருந்தாலும் அது துணியின் பின்பக்கத்தில்தானே இருக்கப்போகிறது.

அரிசியளவுத் தையல்

தையல் நீளத்தை மில்லிமீட்டரில் சொன்னால் பிள்ளைக்கு விளங்காது. ஒரு நீள அரிசியைத் துணிமேல் வைத்துக் காட்டுங்கள். நேர்த்தையல் என்பது ஓர் அரிசி தைத்து, ஓர் அரிசி இடம் விட்டு, மறுபடி ஓர் அரிசி தைப்பது. வளையத்தில் பூட்டிய துணியில் ஊசியை ஒரே வீச்சில் மேலும் கீழும் எடுக்க முடியாது. முழுவதுமாகக் கீழே இறக்கி இழுத்துவிட்டு, பிறகு கீழிருந்து குத்தி மேலே எடுக்க வேண்டும். இந்த நிலையில் எல்லாப் பிள்ளைகளும் செய்யும் ஒரு தவறு உண்டு: கீழே போன ஊசியை வளையத்தின் விளிம்பைச் சுற்றி மேலே கொண்டுவந்துவிடும், நூல் வளையத்தையே சேர்த்துக் கட்டிவிடும். திட்ட வேண்டாம், பிரித்துக் கொடுக்கவும் வேண்டாம். ஊசியைக் கழற்றிவிட்டு நூலை இழுத்து, மறுபடி கோத்துக்கொள்ள அதற்கே தெரியும். நேற்று முழுவதும் கோப்பதைத்தானே கற்றுக்கொடுத்தோம்.

பின்தையலில் இடைவெளி இல்லை. ஊசி ஓர் அரிசி தூரம் தள்ளி மேலே வந்து, பின்னோக்கிச் சென்று, முந்தைய தையல் முடிந்த அதே துளையில் இறங்கி, துணிக்கு அடியில் இரண்டு அரிசி தூரம் முன்னே போய் மறுபடி மேலே வர வேண்டும். எழுத்துகள் தைக்க இதுவே ஏற்றது. தமிழ் எழுத்துகளில் "ட", "ப" இரண்டும் நேர்கோடுகளால் ஆனவை, ஆறு வயதிலேயே வந்துவிடும். "ழ", "ஐ" என்று தொடங்கினால் அழுகையில் முடியும். பெயரின் முதல் எழுத்து வளைவானதாக இருந்தால், தையலை அரை அரிசியாகக் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வளைவு அழகாக விழும்.

சங்கிலித் தையல்தான் பிள்ளைகளை மயக்குவது. ஊசியை மேலே எடுத்து, நூலை இடப்பக்கமாக வளைத்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, வந்த துளையிலேயே ஊசியை இறக்கி, ஓர் அரிசி தூரத்தில் அந்த வளைவுக்குள்ளேயே மேலே எடுத்து மெல்ல இழுத்தால் ஒரு கண்ணி உருவாகும். அடுத்த கண்ணியை முந்தைய கண்ணிக்குள்ளிருந்து தொடங்க வேண்டும். இறுக்கி இழுத்தால் கண்ணி கோடாகிவிடும். தளர விட்டால் துணியில் நிற்காது. என் மாமியார் இதற்குச் சொன்ன வாய்ப்பாடு: "வந்த வழியே போ, வாசல்ல எட்டிப் பாரு." கடைசிக் கண்ணியின் தலையில் ஒரு சின்னத் தையல் போட்டுப் பூட்டாவிட்டால் முழுச் சங்கிலியும் ஒரே இழுப்பில் பிரிந்துவிடும். இதைச் சொல்லித் தருவதைவிட, உங்கள் துணியில் ஒரு சங்கிலியைப் பூட்டாமல் விட்டு, பிள்ளையை இழுத்துப் பார்க்கச் சொல்வது மேல். சங்கிலியின் ஒற்றைக் கண்ணிகளை ஒரு புள்ளியைச் சுற்றி ஐந்து முறை போட்டால் பூவாகிவிடும்.

இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளைக்குக் கற்றுத்தரும்போது பக்கத்தில் உட்காராமல் எதிரே உட்காருங்கள். கண்ணாடியில் பார்ப்பதுபோல உங்கள் வலக்கையைப் பார்த்து அது தன் இடக்கையால் செய்துகொள்ளும்.

வாசல் கோலத்தைத் துணிக்குக் கொண்டுவருதல்

கடைகளில் வரைபடம் அச்சிட்ட பெட்டிகள் கிடைக்கின்றன. பூனைக்குட்டி, காளான், ஆப்பிள் என்று அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் பிள்ளை அந்தப் படத்தை ஒருமுறை தைத்து முடித்ததோடு வேலை நின்றுபோகும். நம் வீட்டுக் கோலம் அப்படியல்ல. புள்ளிகள் அளவைத் தருகின்றன, கோடு தையலைத் தருகிறது, அடுத்த கோலத்துக்குப் பாட்டி இருக்கிறார்.

முதல் முயற்சியில் நான் என் மாமியாரிடம் காகிதமும் பென்சிலும் கொடுத்து, "அத்தை, ஒரு சின்னக் கோலம் வரைஞ்சு கொடுங்க" என்றேன். அறுபது ஆண்டுகளாகக் கோலமிட்ட கை, பென்சிலைப் பிடித்ததும் தயங்கியது, கோடு நடுங்கியது. பிறகு அடுக்குமாடி நடைவழியில், வீட்டு வாசலில், மாவை எடுத்துக் குனிந்தார். அரை நிமிடத்தில் கோலம் விழுந்தது. பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கட்டம்போட்ட பள்ளி நோட்டில் பார்த்து எழுதிக்கொண்டார்கள். அதிலேயே பாதிப் பயிற்சி முடிந்துவிட்டது, ஏனென்றால் கோடு எந்தப் புள்ளிக்கு மேலே போகிறது, எங்கே வளைந்து தன்னையே கடக்கிறது என்பதைக் கண்ணால் தொடர்ந்து பார்க்காமல் அதை எழுத முடியாது.

ஐந்து அங்குல வளையத்துக்கு மூன்று வரிசையில் மும்மூன்று நேர்ப்புள்ளிகள் வைத்த சிக்குக் கோலம் கச்சிதமாக அமையும். புள்ளிக்குப் புள்ளி ஓர் அங்குலம் விட்டால், புள்ளிகள் இரண்டு அங்குலச் சதுரத்தில் அடங்கும். வெளியே சுற்றிவரும் வளைவுகளுக்கு நான்கு பக்கமும் அரை அங்குலம் சேர்த்தால் மூன்று அங்குலம். விளிம்பில் வளையம் கையை இடிக்காத அளவுக்கு இடம் மிஞ்சும்.

காகிதத்திலிருந்து துணிக்கு மாற்ற, ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்பவர்கள் கையாளும் முறையைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுக்கலாம். கோலம் வரைந்த காகிதத்தை மடித்த துண்டின்மேல் வைத்து, தடித்த ஊசியால் கோடு நெடுகிலும் நெருக்கமாகத் துளையிட வேண்டும். துளைத்த காகிதத்தைத் துணிமேல் நகராமல் ஒட்டிவைத்து, தையற்காரர் சாக்கட்டியைச் சுரண்டிய பொடியைப் பஞ்சில் தொட்டு மேலே தேய்த்தால், துணியில் புள்ளிக் கோடாகக் கோலம் இறங்கிவிடும். அதைப் பென்சிலால் இணைத்துக்கொள்ளலாம். ஊசியால் குத்திக்கொண்டே இருக்கும் இந்த வேலையை என் மகன் தையலைவிட விரும்பிச் செய்கிறான். தண்ணீரில் அழியும் நீலப் பேனாவைப் பயன்படுத்துபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: அலசி மையைப் போக்குவதற்கு முன்னால் தேய்ப்புப் பெட்டி பட்டால் மை அழியாமல் நின்றுவிடலாம்.

கோட்டைச் சங்கிலித் தையலில் போடுங்கள். கோடு தன்னைக் கடக்கும் இடத்தில், ஒரு கண்ணி பழைய கோட்டின் இரண்டு பக்கமும் கால் வைத்து நிற்குமாறு அமைத்தால், மேலும் கீழுமாகப் பின்னியதுபோலத் தெரியும். புள்ளிகளைக் கடைசியில் போட வேண்டும். முதலிலேயே போட்டால் தைக்கும் நூல் அவற்றில் சிக்கிக்கொண்டே இருக்கும். பத்து வயதுப் பிள்ளை என்றால் புள்ளிக்குப் பிரெஞ்சு முடிச்சுப் போடலாம்: மேலே வந்த நூலை ஊசியில் இருமுறை சுற்றி, நூலை மற்ற கையால் இழுத்துப் பிடித்தபடியே, வந்த துளைக்கு ஒட்டினாற்போல அடுத்த இழையில் ஊசியை இறக்க வேண்டும். அதே துளையில் இறக்கினால் முடிச்சு அடியில் போய்விடும். சிறிய பிள்ளைக்குப் புள்ளியில் ஒரு பாசிமணியைத் தைத்துவிடச் சொன்னால் போதும்.

எண்ணித் தைப்பதில் விருப்பமுள்ள பிள்ளைக்கு நீலகிரி மலைவாழ் தோடர் இனப் பெண்களைப் பற்றிச் சொல்லலாம். வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூல்களால், வரைபடம் எதுவும் இல்லாமல் துணியின் இழைகளை எண்ணியே அவர்கள் தைக்கும் பூத்தையலுக்கு 2013ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் ஊரிலேயே பார்க்க வேண்டுமானால், லெபோ கெரேஜாவில் உள்ள பினாங்கு பெரானாக்கான் மாளிகை அருங்காட்சியகத்துக்கு ஒரு விடுமுறை நாளில் அழைத்துச் செல்லுங்கள். மலாய்ப் பழக்கங்களை ஏற்ற சீன வம்சாவளிப் பெண்களான நியோன்யாக்களின் பாசிமணி கோத்த காலணிகளின் முன் பிள்ளைகள் தாமாகவே நின்றுவிடுவார்கள். அவர்கள் அணியும் கெபாயா மேற்சட்டையின் பூவேலை பெரும்பாலும் தையல் எந்திரத்தில் போடப்படுவது, துணியை வெட்டித் துளையாக்கிச் சுற்றித் தைக்கும் வேலையும் அதில் உண்டு. மலேசியா உள்ளிட்ட ஐந்து நாடுகளின் கெபாயா 2024ல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது என்பதையும் சொல்லி வைக்கலாம், ஆனால் அருங்காட்சியகத்தில் தேதிகளைவிடத் தையல்களை எண்ணச் சொல்வதே மேல்.

எவ்வளவு நேரம், எப்போது நிறுத்துவது

ஒரு அமர்வுக்கு இருபது நிமிடம் போதும். கை வலிக்கும் முன், நூல் சிக்கும் முன் நிறுத்திவிட வேண்டும். பாதிக் கண்ணியில் நிறுத்தினால்கூடப் பரவாயில்லை, அந்தப் பாதிதான் மறுநாள் அழைத்துவரும். நூல் முறுக்கிக்கொண்டால் ஊசியைக் கீழே தொங்கவிட்டால் அது தானாகச் சுழன்று முறுக்கைப் பிரித்துவிடும்; பிள்ளைகளுக்கு இது ஒரு வேடிக்கை. கோணலான தையலைப் பற்றிப் பிள்ளையே கேட்டால் மட்டும் பேசுங்கள். அப்போதும் பிரிப்பதா விடுவதா என்பதை அது தீர்மானிக்கட்டும். பையன்களை இதிலிருந்து விலக்கி வைப்பதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. நாம் சட்டை தைக்கக் கொடுக்கும் கடைகளில் எந்திரத்தின் முன் உட்கார்ந்திருப்பவர்களில் ஆண்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

முடித்த துணியை என்ன செய்வது என்பதை முதலிலேயே பேசிவைப்பது நல்லது. சட்டமிட்டு மாட்டுவதைவிடப் புழங்கும் பொருளாக்குவதையே நான் விரும்புகிறேன். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு எடுத்துச் செல்லும் அர்ச்சனைத் தட்டை மூடும் சதுரத் துணியாக என் மகளின் முதல் கோலம் போய்வருகிறது. ஓரங்களை அரை அங்குலம் இருமுறை மடித்து நேர்த்தையல் போட்டால் போதும். பின்பக்கத்தில் நூலை முடிக்கும்போது முடிச்சுப் போடாமல், ஏற்கெனவே போட்ட நாலைந்து தையல்களுக்கு அடியில் ஊசியை நுழைத்து இழுத்துவிட்டு வெட்டினால் துணி தட்டையாக இருக்கும்.

துவைப்பதற்கு முன், சிவப்பு நூலின் துண்டு ஒன்றை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்தத் துணியைத் தனியாகக் குளிர்ந்த நீரில்தான் அலச வேண்டும். ஈரம் முழுவதும் காய்வதற்கு முன் எடுத்து, மேசையில் ஒரு தடித்த துவாலையை விரித்து, தையல் பக்கம் கீழே இருக்குமாறு வைத்துப் பின்பக்கத்தில் தேய்க்க வேண்டும். அப்போதுதான் கண்ணிகளும் முடிச்சுகளும் நசுங்காமல் துவாலையின் மென்மைக்குள் இறங்கி, திருப்பிப் பார்க்கும்போது எழும்பி நிற்கும்.